உருகலும் கருகலும்

மாலையில் விருது விழா. வேதியியல் ஆசிரியர் தெருவே அதிரப் பாடியபடி குளித்துக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே நின்ற மகளுக்கு ஒரு வாளி நிரம்பும் அளவுக்கு வியர்த்தது.

"அப்பா, உருகினா என்ன மாற்றம்?"

"இயற்பியல் மாற்றம். பொருள் அதேதான், வடிவம்தான் மாறும்."

"கருகினா?"

"வேதியியல் மாற்றம். வேற பொருளாவே ஆயிடும்."

"திரும்பக் கொண்டுவர முடியாதாப்பா?" குரல் நடுங்கியது.

"எந்தக் கொம்பன் வந்தாலும் முடியாது! ஏம்மா, பரீட்சைன்னா இவ்வளவு பயமா?"

"பரீட்சை இல்லப்பா. விழாவுக்கு எடுப்பா இருக்கட்டும்னு இஸ்திரி போட்டேன்..."

"சட்டைதானே? போனாப் போகுது, வேற போட்டுக்கறேன்."

"சட்டை இல்லப்பா... உங்க டோப்பா."

குழாய்கூட மூச்சை அடக்கியது. அதைச் சொந்த முடியென்றே பள்ளிக்கூடம் மொத்தமும் இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தது.

"உருகியிருக்கா, கருகியிருக்கா?"

"முன்பக்கம் உருகல், பின்பக்கம் கருகல்பா."