உள்ளிருந்து பூட்டும் கதவு

வெள்ளவத்தை பிளாட்டுக்குப் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். இந்தச் சம்பந்தமாவது சரிவர வேண்டுமே என்று வேண்டியபடி சரோஜினிதேவி வடை பரிமாறினாள். மகன் சேந்தன், தான் வரைந்த கட்டடத்தை லப்டொப்பில் காட்டினான்.

"மனநோய்க்கு வைத்தியமும் ஆராய்ச்சியும் ஒரே கட்டடத்திலதான், அங்கிள்."

"வாசல் ஒண்டுதானே கிடக்கு?"

"ஓம். உள்ள போறது நோயாளியோ, ஆராய்ச்சிக்காரரோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வெக்கப்படத் தேவையில்லை. அறைக் கதவையும் உள்ளுக்கிருந்துதான் பூட்டலாம். வெளியால பூட்டேலாது."

பெண்ணின் தகப்பன் நெகிழ்ந்துபோனார். "அதுகளின்ர மனம் உங்களுக்கு எப்பிடித் தம்பி இவ்வளவு விளங்குது? உங்கட ஆக்களில ஆருக்கும்..."

"சீச்சீ! எங்கட பரம்பரையிலயே இல்லை," என்று சரோஜினிதேவி முந்திக்கொண்டாள்.

அவர் சிரித்தார். "அப்ப கலியாணத்துக்கு நாள் பாப்பம்."

அவர்கள் லிஃப்டில் இறங்கியதும், அவள் வடைத் தட்டோடு போய்ப் பின்னறையைச் சாவியால் திறந்தாள். மூத்த மகன் கட்டிலில் ஒடுங்கி இருந்தான்.

"போயிட்டினமே அம்மா? நான் சத்தம் போடேல்லைத்தானே?"

"இல்லை ராசா. சாப்பிடு."

"தம்பிக்கு நான் சொல்லிக் குடுத்த கதவு அவையளுக்குப் பிடிச்சதே?"

"நல்லாப் பிடிச்சது," என்றாள். வெளியே வந்து பூட்டினாள்.