பனிக்கு வைக்கோல்

பல தேசங்கள் சுற்றிவந்த வாத்து, ஏரிப் பறவைகளுக்குப் பொதுவாக ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போயிற்று. "அவரவர் இடத்தில் என்ன ஆபத்து என்று பார்த்துக் கூட்டைக் காத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் பனி கொட்டும்; அதனால் வைக்கோலால் மூடுவோம்."

மறுநாளே, காவல் பொறுப்பிலிருந்த கொக்கு எல்லாக் கூடுகளையும் வைக்கோலால் மூடவைத்தது. நீர்க்கோழிக்குத் தன் முட்டைகளைப் பார்க்கவே வைக்கோலைக் கிளற வேண்டியிருந்தது.

ஒரு மாலை மழைநீர் பெருகி வந்து, கோரைப்புல் நடுவே இருந்த அதன் கூட்டைத் தொட்டது.

"கொக்கண்ணே, தண்ணி ஏறுது! கூட்டை உயர்த்தணும்."

"வாத்து தண்ணியைப் பத்திச் சொல்லவே இல்லையேம்மா."

"அவர் ஊர்ல இந்த ஏரி இருக்கா? உங்க இடத்தைப் பாருங்கன்னுதானே முதல்ல சொன்னாரு!"

"அதெல்லாம் பொதுப்பேச்சு. வைக்கோல்தான் விஷயம்."

இதனிடம் பேசி வாய் வலிப்பதுதான் மிச்சம் என்று நீர்க்கோழி திரும்பிக்கொண்டது. மேலே கிடந்த வைக்கோலைக் கொத்துக் கொத்தாக இழுத்து முட்டைகளுக்கு அடியில் திணித்தது. முட்டைகள் மெல்ல உயர்ந்தன.

கூட்டின் விளிம்பில் ஏறி நின்ற கொக்கு பதறியது. "கூடு திறந்து கிடக்கே! பனி பெஞ்சா என்னம்மா செய்வே?"

"பெஞ்சா வந்து சொல்லுங்கண்ணே. இப்போ அந்தக் காலைக் கொஞ்சம் எடுங்க. வைக்கோல் மேல நிக்கிறீங்க."