குரல் பதிவுக்குத் தடை

பூமியில் இதுவரை நொடித்த தொழில்கள் எல்லாமே வாய்ப்பேச்சால்தான் நொடித்தன என்பது ஸ்ரீநிவாஸின் முடிவு. அதனால் ஆரியசாலைக் கடைத்தெரு மாடியில் அவன் நடத்தும் வீட்டுப் பழுதுவேலை கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் நேற்றிலிருந்து குரல் பதிவு கிடையாது. வேலை முடிந்தால் ‘முடிந்தது’ என்று எழுதினால் போதும். “இது கம்பெனியா, வானிலை நிலையமா?” என்று, போகிற இடத்து மழையையும் காற்றையும் சிரித்துக்கொண்டே குரலில் அனுப்பும் எலக்ட்ரீஷியன் ஜெஸ்லினைத்தான் எல்லார் முன்னாலும் கேட்டான். இப்போது சாயங்கால வெயில் கீழ்க்கடை மிளகாய் மூட்டை நெடியோடு மேஜையில் சாய்ந்து கிடக்கிறது. மலையோர வித்துராவில் வேலைக்குப் போன ஜெஸ்லின் அனுப்பியது போனில் ஒளிர்கிறது: முடிந்தது. அதில் மலைக்காற்று இல்லை, சிரிப்பும் இல்லை. “எந்தாண்ணே, ஒத்த வார்த்தைய எவ்வளவு நேரம் வாசிப்பீங்க?” என்கிறான் பிளம்பர் யூசுப். “போடா, வேலையப் பாரு.” அவன் படியிறங்கும் சத்தம் தேய்ந்ததும் ஸ்ரீநிவாஸ் கதவைச் சாத்தி, மைக்கை அழுத்துகிறான். “ஜெஸ்லின்… அங்க மழையா?”