காயாத தொட்டி

"தண்ணிய நிப்பாட்டும்மா. மேல்மண்ணு காஞ்சாத்தான் அந்தப் பூச்சி ஒழியும்" என்றாள் டிலுக்ஷி போனில். நுவரெலியாவில் ஒரு பூச்செடிப் பண்ணையில் அவளுக்கு வேலை. அந்த அந்தூரியம் தொட்டியையும் அவள்தான் அப்பாவுக்கென்று கொண்டுவந்து, கட்டிலோரம் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

"நிப்பாட்டி ஒரு வாரமாச்சுடி! மஞ்சள் அட்டையில விளக்கெண்ண தடவி வச்சாச்சு. நீ சொன்ன மாதிரி உருளைக்கெழங்க வெட்டி மண்ணு மேல வச்சேன். புழுவெல்லாம் கெழங்குல வந்து ஏறுது, தூக்கி வீசுறேன். மறுநாளும் அதே கூட்டம்!" என்று புலம்பினாள் மரியநாயகி.

பூச்சி என்றால் கடுகைவிடச் சின்னது, கறுப்பு. கடிக்காது. ஆனால் தேத்தண்ணிக்குள் விழும், மூக்குக்குள் நுழையும், மனுஷனைப் பைத்தியமாக்கிவிடும். அதிலும் நாள் முழுக்கக் கட்டிலிலேயே கிடக்கிற மனுஷன் என்றால் கேட்கவே வேண்டாம்.

மரியநாயகியின் கணவர் வியாகுலத்துக்கு வாதம் அடித்து எட்டு மாதம். பேச்சு குழறிப்போனது. இடது கை தப்பிவிட்டது. வலது கை மட்டும் விறகுக் கட்டை மாதிரிக் கிடந்தது.

"பழக்கினாத்தான் கை திரும்ப வரும். இல்லாட்டி இப்படியே போயிரும்" என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். வியாகுலம் அதை இடது கையால் எடுத்து வீசிய வீச்சில், அது வாசலைத் தாண்டிக் கோழிக்கூட்டில் போய் விழுந்தது. அன்றைக்கு மரியநாயகி அழுத அழுகை லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்டது. கை போனதுகூடப் பரவாயில்லை, மனுஷனுக்கு மனசே விட்டுப்போச்சே!

"ஏங்க, இந்தத் தொட்டிய வெளிய வீசிறட்டுமா?" என்றாள் கணவரிடம்.

"வே... வேணாம்."

"பூச்சி ஒங்க மூஞ்சியிலதானே மொய்க்குது!"

"இருக்... கட்டும்."

மகள் கொடுத்த செடியல்லவா, அந்தப் பாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

"மண்ணத் தொட்டுப் பாரும்மா" என்றாள் போனில் டிலுக்ஷி.

மரியநாயகி விரலை விட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

"ஐயோ, சொதசொதன்னு இருக்குடி!"

"கூரை ஒழுகுதா?"

"மழையே இல்லையே. தகரம் காஞ்சு கெடக்கு."

"அப்ப யாரோ தண்ணி ஊத்துறாங்க."

"யாரு ஊத்துவா? நான் மலைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனா வீட்டுல ஒங்கப்பா மட்டும்தான். செடி இருக்கிறது அவருக்கு வலது பக்கம். அந்தப் பக்கம் ஒரு வெரல்கூட அசையாது. பாவம், அவரு உண்டு, அவரு ஜக்குத் தண்ணி உண்டு. சாயங்காலம் நான் வர்றப்ப ஜக்கு காலியா இருக்கும். அது ஒண்ணத்தான் நல்லா குடிக்கிறாரு."

அடுத்த வீட்டுக் காளியாயி எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே வந்து, தானும் ஒரு விரலை மண்ணில் விட்டாள். அவ்வளவுதான், செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்தாள்.

"அடியாத்தீ! தண்ணி ஊத்தாமலே ஈரமா? மரியா, மேல பாரு!"

தொட்டிக்கு நேர் மேலே சுவரில் மாதா படம்.

மரியநாயகி சிலுவை போட்டுக்கொண்டாள். இத்தனை நாளாக இது தோன்றவில்லையே!

"ஒங்க மாதா கண்ணீருடி இது. எனக்குத் தெரியும், சாமியில என்னா ஒங்க சாமி எங்க சாமி!" என்று காளியாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் லயமே அந்த ஜன்னல் முன் நின்றது. காளியாயி சூடம் கொளுத்தினாள். மரியநாயகி மெழுகுதிரி ஏற்றினாள். ஒருவர் பின் ஒருவராக வந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பூச்சிகள் முகத்தில் மொய்த்தன. ஒருவரும் விரட்டவில்லை.

கட்டிலில் கிடந்த வியாகுலம் மட்டும் கோணிய வாயால் சிரித்தார்.

"சாமி காரியத்துல சிரிக்காதீங்க!" என்று அதட்டிவிட்டு, மரியநாயகி முழங்காலில் நின்றாள்.

"தாயே, பூச்சி இருந்துட்டுப் போகட்டும். எனக்கு வேற எதுவும் வேணாம். அவரு கைய மட்டும் கொடுத்துரு."

மறுநாள் கொழுந்தெடுக்கப் போனவள், இடுப்பில் கட்டும் படங்கை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினாள். வாசலுக்கு வந்தபோது உள்ளே யாரோ முக்கி முனகும் சத்தம். பதறிப்போய்க் கதவிடுக்கில் பார்த்தாள்.

வியாகுலம் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தார். மெத்தை நனையாதபடி தொட்டிக்கு நேர் மேலே ஒரு கப் தண்ணீர் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்தது அவருடைய வலது கை.

தண்ணீர் தளும்பித் தளும்பிச் செடியின் மண்ணில் கொட்டியது. கப் மெல்ல மெல்ல நகர்ந்து, அவர் உதட்டைத் தொட்டது. ஒரு மடக்கு குடித்துவிட்டு, மாதா படத்தை நிமிர்ந்து பார்த்துக் குழறினார்.

"இன்னைக்கு... பாதிதான்... கொட்டிச்சு!"