கேட்க மட்டும்

"பெத்த மகளோட குரலு! அத ஒரு காப்பி எடுத்துக் குடுத்தா உன் சொத்தா கரைஞ்சிடும்?"

வீட்டு ஓனர் செங்கம்மா போட்ட சத்தத்தில் திருப்பதியில் அந்தத் தெருவே எட்டிப் பார்த்தது.

ரமணா கம்ப்யூட்டரை விட்டுத் தலை நிமிரவில்லை. "ரீட்-ஒன்லில வெச்சிருக்கேன்மா. இங்க கேக்கலாம். எடுத்துக்கினு போவ முடியாது."

"நல்லா இருக்குதுப்பா உன் சட்டம்! நீயெல்லாம் ஒரு மருமவன்!"

ஸ்ரீ சிட்டி ஃபேக்டரி வேலைக்குப் போன கல்பனா, ரோட்டு விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் போனும் நொறுங்கிப்போச்சு. மிச்சம், புருஷன் ரமணாவின் கம்ப்யூட்டரில் கொஞ்சூண்டு குரல். அதைக் கேட்கத்தான் அப்பா ரங்கையா, சின்ன மகள் யமுனாவோடு ஞாயிறு தவறாமல் குடிபாலாவிலிருந்து பஸ் ஏறி வருகிறார்.

"அது கெடக்குது, நீ போடு மாப்ள" என்றார்.

கம்ப்யூட்டரிலிருந்து குரல் வந்தது: "நைனா, துன்னியா? வெயில்ல சுத்தாத. வூட்லயே இரு."

கண்ணை மூடிக் கேட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பு மாட்ட வாசலுக்குப் போனார்.

ரமணா குரலைத் தாழ்த்தினான். "என்னால முடியல யமுனா. இன்னிக்கி உண்மைய சொல்லிடறேன்."

"சும்மா இரு மாமா. வாரம் பூரா இதுக்குத்தான் காத்துக்கினு கெடக்குறாரு."

பாவம், அவன் கெடுதலா நினைத்தான்? மாமனாருக்குக் காது மந்தம். சத்தத்தைக் கூட்டித் தரலாமென்று ஒரு ப்ரோகிராம் எழுதினான். ஃபைலைப் படிக்க மட்டும் திறக்க 'r' போடணும். அழுதுகொண்டே அடித்தவன், எழுதத் திறக்கிற 'w'வைப் போட்டுத் தொலைத்தான். திறந்த நொடியே உள்ளே இருந்தது அத்தனையும் காலி. வேறு காப்பியும் கிடையாது.

அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே மாதிரி குரல். யமுனாவையே பேசவைத்துப் பதிவு செய்துவிட்டான். காப்பி கொடுத்தால் ஊரே கேட்கும், யாராவது கண்டுபிடித்துவிடுவார்களே என்று பயம்.

பஸ் ஸ்டாண்டில் யமுனா கேட்டாள்: "முட்டி வலியோட எதுக்கு நைனா இந்த அலைச்சல்? அடுத்த வாரம் வேணாமே."

"வரணும்மா. காது மந்தம்னா, பெத்த புள்ளைங்க குரலு கூடவா தெரியாது? அது நீதான்னு மொத நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் நைனா வர்ற?"

"நான் வர்றத நிறுத்திட்டா, எனக்குத் தெரிஞ்சிபோச்சின்னு அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் அவன் உசுரோட இருக்கமாட்டான்மா."