கூட்டேரிப்பட்டு எறங்குறவங்க

"நீங்க அவளுக்குப் பின் சீட்டுல உக்காருங்க. கூப்பிடக் கூடாது, தட்டி எழுப்பக் கூடாது, அவகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. இன்னைக்குப் பயிற்சி அவ்வளவுதான்."

விழுப்புரத்தில் ஆலோசகர் சொல்லி அனுப்பியது இது. பேருந்து விக்கிரவாண்டியைத் தாண்டிவிட்டது. முன் இருக்கையில் மகள் இசைவாணி ஜன்னலில் தலை சாய்த்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பின் இருக்கையில் மலர்விழி அவள் முதுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

போன மாதம் பள்ளி விட்டு வந்தவள் சொந்த ஊரான கூட்டேரிப்பட்டில் இறங்கவில்லை. திண்டிவனம் பேருந்து நிலையத்தில், மல்லாட்டைக் கடலை வறுக்கிற வண்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவளைக் கண்டுபிடிப்பதற்குள் இருட்டிவிட்டது. மறுநாளே கணவன் சகாயராஜ் ஹாஸ்டல் பேச்சை எடுத்துவிட்டான்.

"திமிரும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. கவனக்குறைபாடு," என்றார் ஆலோசகர். "ஆட்டம் போடாத பிள்ளைங்கிறதால யாருக்கும் தெரியல. நாலு வேலையைச் சேர்த்துச் சொன்னா அவ மனசுல நிக்காது. ஒண்ணு ஒண்ணா சொல்லணும். செஞ்சா உடனே பாராட்டணும். நீங்க ஓயாம விரட்டிக்கிட்டே இருக்கக் கூடாது."

பிறகு இசைவாணியிடம் தனியாகப் பேசினார். சகாயராஜிடமும் போனில் பேசினார்.

இப்போது அவனே அழைத்தான்.

"எங்க வர்றீங்க?"

"விக்கிரவாண்டி தாண்டியாச்சுங்க."

"மேடம் சொன்னது ஞாபகம் இருக்குதில்ல? அது சரியா நடந்துதுன்னா ஹாஸ்டல் பேச்சே இல்ல. நடக்கலேன்னா ஜூன்ல சேத்துடுவேன்."

"நானே பயந்துக்கினு கெடக்குறேன். பேஜார் பண்ணாம வைங்க."

பக்கத்து இருக்கைக்காரம்மா குனிந்து பார்த்தாள். "முன்னாடி இருக்கறது உம் பொண்ணா? இன்னாத்துக்கு அது முதுவையே மொறச்சுக்கினு வர்ற? சண்டையா?"

மலர்விழி உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

"ஆத்தாடி, பெரிய சண்டைதான் போல," என்று அந்தம்மா திரும்பிக்கொண்டாள்.

"கூட்டேரிப்பட்டு எறங்குறவங்க ஜல்தியா முன்னாடி வாங்க!"

இசைவாணி அசையவில்லை.

பேருந்து வேகம் குறைந்தது. நின்றது. மூட்டையோடு இரண்டு பேர் இறங்கினார்கள். இசைவாணி நிதானமாக ஒரு கொட்டாவி விட்டாள்.

'எழுந்திருடீ' என்ற சொல் மலர்விழியின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. பெட்டி, படுக்கையோடு மகள் ஹாஸ்டல் வாசலில் நிற்பது தெரிந்தது.

"வேற யாரும் இல்லியே?" நடத்துநர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"அண்ணே, நான் இருக்கேன்!"

பையைத் தூக்கிக்கொண்டு இசைவாணி ஒரே ஓட்டமாக இறங்கினாள். பின்னாலேயே விழுந்தடித்து இறங்கிய மலர்விழிக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

"பாஸாயிட்டடி தங்கம்!" என்று கையை விரித்தாள்.

மகள் அந்தக் கைக்குள் வரவில்லை. சாலையோரம் வண்டியோடு காத்திருந்த சகாயராஜிடம் ஓடினாள்.

"அப்பா, ஹாஸ்டல் கேன்சல்! மேடம் சொன்ன மாதிரியே கடைசி வரைக்கும் எந்திரிக்காம உக்காந்துக்கினு இருந்தேன். அம்மா ஒரு தடவை கூட என்னைக் கூப்பிடல. அம்மா பாஸ்!"