மிச்சமிருந்த குரல்

"அழறீங்களா பாக்?" என்று பெரியவரிடம் மரியாதையாகக் கேட்டாள் விடுரி.

எங்கோஸ் இல்லையென்று தலையாட்டினார். காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்ற மனமில்லை. கரகரப்பாக நாலு கத்தல், பிறகு நீளமாக ஒரு சீழ்க்கை. காட்டில் அதைக் கேட்டு ஆறு வருஷம் ஆகிவிட்டது.

எக்கெக் பறவை. உடம்பெல்லாம் பச்சை, அலகு மட்டும் சிவப்பு. இந்த மலையில் அது இனி இல்லை என்று பாண்டுங் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் எழுதியே முடித்துவிட்டார்கள். பறவை ஆராய்ச்சிக்காரி விடுரி மட்டும் நம்பாமல் மேல்காட்டு மரங்களில் ஒலிப்பதிவுப் பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தாள். இன்று காலை அவற்றை அவிழ்த்து வர வழிகாட்டியாகப் போனவர் எங்கோஸ்.

"கடைசியில டொக், டொக்டொக்குனு ஒண்ணு கேக்குதே நெங்?" மகளைக் கூப்பிடுவதுபோல எங்கோஸ் கேட்டார்.

"மரங்கொத்தியா இருக்கும். பதினோரு நாள் பதிவையும் கம்ப்யூட்டர் அலசிடுச்சு, எக்கெக் குரல் இந்த ஒண்ணுதான் பாக். நாளைக்கு மாவட்ட ஆபீஸ்ல விசாரணை. இது ஒண்ணு போதும், மலையைக் கல்குவாரிக்குக் கொடுக்க முடியாது. கூட வந்த சாட்சின்னு நீங்க இந்தத் தாள்ல கையெழுத்துப் போடணும்."

எங்கோஸ் பேனாவை வாங்கிக்கொண்டார். போடவில்லை.

விடுரி அவர் வீட்டுக் கூரை விளிம்பில் தொங்கிய இரண்டு காலிக் கூண்டுகளைப் பார்த்தாள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. "பறவை வளர்க்கறதை விட்டுட்டீங்களா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி இமாஸ் எட்டிப் பார்த்தாள். "அதை ஏன் கேக்கறே நெங்! பறவைப் பாட்டுப் போட்டியில கோப்பை வாங்கின முராய்க் குருவி. ஒரு புது மோட்டார் பைக்கே தர்றேன்னு வந்து நின்னாங்க. இந்தப் பெரிய மனுஷன் போன பெருநாளன்னிக்குக் காட்டுல கொண்டுபோய்த் திறந்துவிட்டுட்டு, கையை வீசிக்கிட்டு வந்தாரு. கேட்டா பாவத்தைக் கழுவறாராம்!"

கீழே பாதையில் இறைச்சி உருண்டை சூப் விற்கும் பக்ஸோ வண்டிக்காரன் மூங்கிலைத் தட்டிக்கொண்டு வந்தான். விருந்தாளிக்கு ஏதாவது வாங்கி வருவதாகச் சொல்லி இமாஸ் கிண்ணங்களோடு இறங்கிப் போனாள்.

அவள் போனதும் எங்கோஸ் நிமிர்ந்து கூண்டுகளைப் பார்த்தார்.

"பெரிய கூண்டுல என்ன இருந்துச்சுன்னு நீங்க கேக்கல நெங்."

"சொல்லுங்க பாக்."

"அந்தக் காட்டுல கடைசியா ஒரு எக்கெக் ஜோடி இருந்துச்சு. பசை தடவிப் பிடிச்சவன் நான்தான். பொட்டை பசையிலயே செத்துப்போச்சு. ஆணை மட்டும் கொண்டாந்தேன், மத்த பறவைங்க குரலைக் கேட்டுப் பாடக் கத்துக்கற முராய்க்கு ஒரு வாத்தியார் வேணுமேன்னு." அவர் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். "காட்டுப் பூச்சியைத் தின்னு பச்சையா இருந்த பறவை. கூண்டுல நான் போட்ட தீனியைத் தின்னு வெளிறி நீலமாயிடுச்சு. ஒரு வருஷம் ஜோடியைக் கூப்பிட்டுக் கத்திக்கிட்டே கிடந்துச்சு. நீலமாவே செத்துச்சு. அதோட அந்த இனமே இங்க தீர்ந்துச்சுன்னுதான் இத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

விடுரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "தீரல பாக். உங்க கையில சிக்காம ஒண்ணு தப்பிச்சிருக்கு."

எங்கோஸ் கையெழுத்துப் போட்டார். முழுப் பெயரையும் எழுதினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக.

"இன்னொரு தடவை போடுங்க நெங். எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

விடுரி மடிக்கணினியிலிருந்து ஹெட்ஃபோனின் வயரைப் பிடுங்கினாள். நாலு கத்தலும் சீழ்க்கையும் கூண்டுகளுக்குக் கீழே கணீரென்று ஒலித்தன. கடைசியில் டொக், டொக்டொக்.

ஆவி பறக்கும் கிண்ணங்களோடு ஏறிவந்த இமாஸ் படியிலேயே நின்றுவிட்டாள். அவள் முகம் அப்படியே மலர்ந்தது.

"அட, நம்ம முராய்! பக்ஸோ வண்டி தட்டறதைக்கூட மறக்கல, கேட்டீங்களா?"